அச்சில் விடுபட்ட பெயர்கள்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு, செய்தித் தலைப்பின் கீழே வரும் பெயரின் பெறுமதி நன்கு தெரியும். மழையில் நனைந்து, பஸ் மாறி ஏறி, பத்துப் பேரிடம் விசாரித்து எழுதிய கட்டுரை மறுநாள் காலையில் இன்னொருவர் பெயரில் வெளிவந்திருக்கக் காண்பது எத்தகைய மனத்தாங்கல் என்பதை அனுபவித்தவர்களே அறிவர். எனக்கும் அது ஒருமுறை நேர்ந்ததுண்டு. அந்தக் கதை இங்கு வேண்டியதில்லை. ஆனால், அந்த நினைவு இருந்தபடியால்தான் 1980 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8 ஆம் திகதி வெளிவந்த ஓர் அமெரிக்க இசைத்தட்டின் வரலாற்றை வாசித்தபோது, அதன் இசையிலும் பார்க்க அதில் அச்சிடப்பட்டிருந்த பெயர்களே முதலில் என் கவனத்தை ஈர்த்தன.

'ரிமெயின் இன் லைட்' என்பது அந்த இசைத்தட்டின் பெயர். வெளியிட்டவர்கள் நியூயோர்க்கைச் சேர்ந்த 'டோக்கிங் ஹெட்ஸ்' என்ற நால்வர் குழுவினர். பாடியவரும் பாடல் வரிகளை எழுதியவரும் டேவிட் பேர்ண். டிரம்ஸ் வாசித்தவர் கிறிஸ் ஃபிரான்ஸ். பேஸ் கிற்றார் அவருடைய மனைவி டீனா வேமத். கீபோர்டும் கிற்றாரும் ஜெரி ஹரிசன். பேர்ணும் ஃபிரான்ஸும் வேமத்தும் றோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் ஓவியமும் வடிவமைப்பும் பயிலச் சென்று, இசைக்குழுவோடு திரும்பியவர்கள். 1975 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் 'சிபிஜிபி' என்ற நெருக்கமான மதுச்சாலையில் 'ரமோன்ஸ்' குழுவினருக்கு முன்னதாக மேடையேறி வாசித்ததே இவர்களின் முதல் நிகழ்ச்சி. பங்க் இசை என்ற ஆவேசமான, மூன்று நிமிட றொக் இசை பிறந்த கூடம் அது. ஆனால் இவர்கள் அந்தக் கூட்டத்தில் சற்று விலகியே நின்றார்கள். கிழிந்த உடையில்லை, ஊசி குத்திய காதில்லை. அலுவலக எழுதுவினைஞர் போலச் சட்டையணிந்த ஒருவர், நடுக்கத்தோடு, கட்டடங்களையும் அரசாங்க உத்தியோகத்தையும் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்.

இக்குழுவோடு ஐந்தாமவராகச் சேர்ந்துகொண்டவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். தன்னை இசைக்கலைஞரென்று சொல்லிக்கொள்ளத் தயங்கிய இசைக்கலைஞர். ஒலிப்பதிவுக் கலையகத்தையே ஒரு வாத்தியமாகக் கருதியவர். குழுவின் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இசைத்தட்டுகளின் தயாரிப்பாளர் இவரே. 1977 இல் இலண்டனில் இவர்களை முதன்முதலாகச் சந்தித்தபோது, ஈனோ தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று ஓர் இசைத்தட்டை ஓடவிட்டார். நைஜீரியாவின் ஃபெலா குட்டி 1973 இல் வெளியிட்ட 'அஃப்ரோடிசியாக்' என்பதே அது. வரப்போகும் இசை இதுதான் என்பது ஈனோவின் முடிவாக இருந்தது.

ஃபெலாவைப் பற்றி இங்கு சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1938 இல் அபெயோகுட்டாவில் பிறந்தவர். மருத்துவம் படிப்பாரென்று எண்ணிப் பெற்றோர் இலண்டனுக்கு அனுப்ப, அவர் அங்கே இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். நாடு திரும்பியபின் கானாவின் ஹைலைஃப் இசையையும் ஜாஸையும் யொருபா மக்களின் தாளங்களையும் சேர்த்து வாசித்துப் பார்த்தார். 1969 இல் அமெரிக்கா சென்றபோது கறுப்பின விடுதலை அரசியலோடு அறிமுகம் ஏற்பட்டது. டோனி அலன் என்ற டிரம்ஸ் மேதையின் துணையோடு அவர் உருவாக்கிய 'அஃப்ரோபீட்' இசையில் அமெரிக்கரான ஜேம்ஸ் பிரவுணின் ஃபங்க் இசைக்கும் பெரும் பங்குண்டு. ஃபங்க் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆடலிசை. முதல் அடியில் ஊன்றி, மெட்டைக் குறைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒரு தாளவாத்தியமாக மாற்றிவிடும் இசை. அந்தத் தாளமோ அடிமைக் கப்பல்களில் ஆபிரிக்காவிலிருந்து போனது. 1970 இல் ஜேம்ஸ் பிரவுணின் குழு நைஜீரியாவுக்குச் சென்றபோது, குழுவில் பேஸ் கிற்றார் வாசித்த பூட்சி கொலின்ஸ் முதலியோர் ஃபெலாவின் இசையைக் கேட்டு வியந்து திரும்பினர். பூட்சி பின்னர் சேர்ந்துகொண்ட 'பார்லிமென்ட் ஃபங்கடெலிக்' குழுவில் கீபோர்ட் வாசித்தவர் பேர்னி வொரெல். அதே வொரெல் 1980 இல் டோக்கிங் ஹெட்ஸின் மேடையில் வந்து நின்றார்.

ஆகவே, வெள்ளையர் சிலர் ஆபிரிக்க இசையைத் திருடினர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது இலகு, ஆனால் சரியன்று. அட்லாண்டிக் சமுத்திரத்தை இந்தத் தாளம் இருபக்கமும் பலமுறை கடந்திருக்கிறது. எந்தக் கடவையில் யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்பதே கேள்வி. ஃபெலா பாட்டுக்காகக் கொடுத்த விலையையும் மறந்துவிடக்கூடாது. இராணுவத்தைப் பரிகசித்து அவர் 'ஸொம்பி'யை வெளியிட்ட பின்னர், 1977 பெப்ரவரி 18 ஆம் திகதி ஏறத்தாழ ஆயிரம் படையினர் லாகோஸில் அவருடைய வளவுக்குள் புகுந்து அதனைத் தீக்கிரையாக்கினர். மாடி யன்னலிலிருந்து தூக்கியெறியப்பட்ட அவருடைய வயோதிபத் தாயார் அடுத்த ஆண்டு இறந்துபோனார். நியூயோர்க்கில் புதுமையாகக் கேட்கப்பட்ட தாளம் லாகோஸில் உயிராபத்தாக இருந்தது.

1979 இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டிலேயே குழுவினர் ஆபிரிக்கத் தாளத்தை நோக்கித் திரும்பத் தொடங்கிவிட்டனர். 'ஐ ஸிம்ப்ரா' என்ற அந்தப் பாடலின் வரிகள் ஹூகோ பால் என்ற ஜேர்மானிய டாடாயிசக் கவிஞரின் பொருளற்ற ஒலிக்கவிதையிலிருந்து எடுக்கப்பட்டவை. அடுத்து, பேர்ணும் ஈனோவும் தனியே சேர்ந்து வேறோர் இசைத்தட்டில் இறங்கினார்கள். வானொலிப் போதகர்களின் குரல்களையும் அராபியப் பாடகர்களின் குரல்களையும் வெட்டியெடுத்துத் தாளத்தின் மேல் ஒட்டிய அத்தட்டுக்கு, நைஜீரிய எழுத்தாளர் ஆமொஸ் டுட்டுவோலாவின் நாவலொன்றின் பெயரையே சூட்டினார்கள். இதற்கிடையில், ஃபிரான்ஸும் வேமத்தும் கரிபியனில் விடுமுறையைக் கழித்து, ஹெயிட்டியின் தாள வாத்தியங்களில் மனம் பறிகொடுத்திருந்தனர். தலைவர் தங்களை விட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. 1980 நடுப்பகுதியில் நால்வரும் ஈனோவும் பஹாமாஸின் நசோ நகருக்கருகில் இருந்த கொம்பஸ் பொயின்ற் கலையகத்தில் ஒன்றுகூடியபோது நிலைமை இதுதான்.

அங்கே நடந்தது றொக் இசையில் வழக்கமில்லாத ஒன்று. பாடலை எழுதிக்கொண்டு எவரும் வரவில்லை. வெறுங்கையோடு அமர்ந்து, ஒரு சிறு தாளத் துண்டை ஒருவர் எடுக்க, இன்னொருவர் அதன் இடைவெளியில் தன் துண்டைப் பொருத்த, நல்லதாக அமைந்த சில கணங்களைத் தெரிந்து, அவற்றையே மீண்டும் மீண்டும் நிமிடக்கணக்கில் வாசித்தார்கள். இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் சுழலவிடும் ஒலித்துண்டை, அன்று மனிதர்கள் கைவலிக்க வாசித்துச் சுழலவிட்டார்கள். அதன் மேல் அடுக்கடுக்காக மற்றப் பகுதிகள் பதியப்பட்டன. பெரும்பாலான பாடல்களில் சுரக்கூட்டு மாறுவதேயில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றே. பல்லவி எது, சரணம் எது என்று காட்டுவதற்கு மெட்டு மாறவில்லை. சில அடுக்குகளை மூடுவதும் சிலவற்றைத் திறப்பதுமே உபாயம். இந்த வேக வேலை பிடிக்காமல், ஒலிப்பதிவாளர் றெட் டேவிஸ் பாதியில் விலகிச் சென்றார். அவரிடத்தை டேவ் ஜேர்டன் நிரப்பினார்.

எங்கள் கர்நாடக இசையில் தவிலும் மிருதங்கமும் எவ்வளவு சுற்றிவந்தாலும், தொடையில் போடப்படும் தாளம் ஒன்றே. சபையும் வித்துவானும் ஒரே சமத்தில் வந்து சேர்வார்கள். மேற்கு ஆபிரிக்க மேளங்களிலோ பல தாளங்கள் ஒரே வேளையில் ஓடுகின்றன. எது அடித்தாளம் என்பது கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. 'வன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாடலை உருவாக்குகையில் இதுவே நேர்ந்தது. குழுவினர் ஓர் இடத்தைச் சமமென்று எண்ணி வாசிக்க, ஈனோ வேறோர் இடத்தைச் சமமென்று கேட்டு, அதன் மேல் தன் பகுதியைப் பதிந்துவிட்டார். திருத்தாமல் விட்டார்கள். நடுத்தர வயதில் ஒருவன் தன் வீட்டையும் வாழ்க்கையையும் பார்த்து, இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று திகைக்கும் பாடல் அது. அந்தத் திகைப்பு தாளத்துக்குள்ளேயே இருக்கிறது. பேர்ண் பாடும் தொனி, அமெரிக்க வானொலிகளில் முழங்கும் கிறிஸ்தவப் போதகர்களிடமிருந்து எடுத்தது.

பாடல் வரிகளில் பத்திரிகைகளுக்கும் பங்கிருந்தது. முதற்பாடலான 'போர்ன் அண்டர் பஞ்சஸ்' ஒலிக்கையில் வெப்பம் தொடர்வதாகத் திரும்பத் திரும்ப வரும் வரி, அந்தக் கோடையின் கடும் வெயிலைப் பற்றி 'நியூயோர்க் போஸ்ட்' இட்ட தலைப்பொன்றிலிருந்து பிறந்ததாகும். இறுதிப் பாடலான 'த ஓவர்லோட்' இன்னும் விசித்திரமானது. 'ஜோய் டிவிஷன்' என்ற ஆங்கிலேயக் குழுவின் இசையைக் கேளாமலே, சஞ்சிகைகளில் அதைப் பற்றி எழுதப்பட்டிருந்ததை மாத்திரம் வாசித்துவிட்டு, அது இப்படித்தான் இருக்குமென்று ஊகித்துச் செய்த பாடல் எனச் சொல்லப்படுகிறது. விமர்சகர்களின் எழுத்து எதற்கும் பயன்படாது என்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

வெளியிலிருந்து வந்து உதவியவர்கள் பலர். கிற்றாரை மிருகம்போல் அலறவைத்த ஏட்ரியன் பெலு. 'லபெல்' குழுவின் கறுப்பினப் பாடகி நோனா ஹென்றிக்ஸ். எக்காளத்தை மனிதக் குரலாக மாற்றிய ஜோன் ஹசல். இந்த ஹசல் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு வித்துவான் பண்டிட் பிரான்நாத்திடம் பயின்றவர். 'ஹவுசஸ் இன் மோஷன்' பாடலில் அவர் எக்காளம் குழைந்து வளையும் இடத்தில், கமகம் அறிந்த காதுக்கு அதன் பூர்வீகம் உடனே பிடிபடும். ஆனால், இத்தனை பேர் பட்டியலில் ஆபிரிக்க நாடொன்றைச் சேர்ந்த இசைஞர் எவரும் இல்லை.

இங்கே 'லிசினிங் விண்ட்' என்ற பாடலைத் தனியே குறிப்பிட வேண்டும். மொஜிக் என்ற ஓர் இளைஞன். தன் மண்ணில் அமெரிக்கர்கள் வந்து பெரிய வீடுகளில் குடியிருப்பதைப் பார்க்கிறான். சந்தையில் சாதனங்களை வாங்குகிறான். சுதந்திர வர்த்தக வலயத்தில் குண்டு வைக்கிறான். பாடல் அவனைக் கண்டிக்கவுமில்லை, கொண்டாடவுமில்லை. அவன் காதில் விழும் காற்றை எங்களுக்கும் கேட்கவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 'சுதந்திர வர்த்தக வலயம்' என்ற சொல்லே 1978 இல் கட்டுநாயக்காவில் ஒன்று திறக்கப்பட்டபோதுதான் இலங்கைப் பத்திரிகைகளில் பழக்கத்துக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் அதே சொல் ஒரு நியூயோர்க் பாடலுக்குள் வந்திருக்கிறது. குண்டுவெடிப்புச் செய்திகளை, எண்ணிக்கைகளோடு, பல்லாண்டுகள் எழுதிய கைக்கு இந்தப் பாடலைக் கேட்பது இலகுவன்று. வெடித்த பின்பு என்ன ஆனதென்று அது சொல்வதில்லை. எங்கள் செய்திகளோ அந்த இடத்திலிருந்தே தொடங்கின. 2001 செப்டெம்பருக்குப் பின்னர் எந்த அமெரிக்கக் குழுவும் இதைப் பாடத் துணிந்திருக்குமா என்பது ஐயமே. ஆங்கிலேயரான பீட்டர் கேப்ரியல் 2010 இல் தம் குரலில் மீண்டும் பதிவுசெய்தார்.

இனி, பெயர்களின் கதைக்கு வருவோம்.

இசைத்தட்டு வெளிவந்தபோது பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட குறிப்போடு பேர்ண் ஒரு நூற்பட்டியலையும் இணைத்திருந்தார். றொக் இசைத்தட்டுக்கு நூற்பட்டியல்! கானாவின் மேளகாரரிடம் ஆண்டுக்கணக்கில் சீடராக இருந்து ஜோன் மில்லர் சேர்னொஃப் எழுதி 1979 இல் வெளிவந்த ஆபிரிக்கத் தாளம் பற்றிய நூல் அதில் முக்கியமானது. சில விமர்சகர்கள் இதைப் பேர்ணின் படிப்புப் பெருமை என்று பரிகசித்தார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கடன் வாங்கியவர் கடனைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே. சேர்னொஃபின் நூலில் ஊடும்பாவுமாக ஓடும் கருத்து, ஒரு மேளகாரனின் தாளத்துக்குத் தனித்துப் பொருளில்லை என்பது. மற்றவனின் தாளத்தோடு சேரும்போதே அது தாளமாகிறது. மற்றவன் நுழைவதற்கு இடம் விட்டு வாசிப்பவனே நல்ல மேளகாரன்.

அந்த நூலைச் சிபாரிசு செய்த அதே இசைத்தட்டில்தான் இது நடந்தது. எந்தப் பாடலில் எவர் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத விதமாக எல்லோரும் சேர்ந்து செய்த காரணத்தால், ஐவரின் பெயரையும் ஆங்கில அகரவரிசையில் இடுவதென்றே முதலில் இணக்கம் காணப்பட்டிருந்தது: பேர்ண், ஈனோ, ஃபிரான்ஸ், ஹரிசன், வேமத். அச்சாகி வந்தபோதோ, இரண்டு பாடல்களைத் தவிர மற்றெல்லாப் பாடல்களும் பேர்ணும் ஈனோவும் இயற்றியவை என்றிருந்தது. அந்த இரண்டு பாடல்களில் மாத்திரம் ஹரிசனுக்கும் இடம் கிடைத்தது. டிரம்ஸ் வாசித்தவரும் பேஸ் வாசித்தவரும், அதாவது இந்த இசைத்தட்டுக்குத் தாளமே ஆதாரமெனில் அந்த ஆதாரத்தை இட்ட இருவரும், இயற்றியோர் வரிசையில் எங்குமே இல்லை. மூவரும் ஆட்சேபித்தார்கள். பின்னைய பதிப்புகளில் ஐந்து பெயர்களும் இடம்பெற்றன. ஆனால் காயம் ஆறவில்லை. ஃபிரான்ஸ் 2020 இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பு நூலிலும் அந்தக் கசப்பு தெரிகிறது. திருத்தம் மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் சிறு எழுத்தில் வருவதைப் போன்றதுதான் இது. முதல்நாள் வாசித்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

உறைப்படத்திலும் ஒரு கதை உண்டு. ஆபிரிக்க முகமூடிகளை மனத்திற் கொண்டு, வேமத்தும் ஃபிரான்ஸும் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வாளர்களின் உதவியோடு கணினியிலேயே அதனை உருவாக்கினார்கள். அக்காலக் கணினியின் வலு போதாமையால் நால்வரின் முகங்களும் சிவப்புத் திட்டுகளால் மூடப்பட்டதோடு வேலை நின்றது. பின்னட்டையில் பறக்கும் போர்விமானங்கள், அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த வேமத்தின் தந்தைக்கு மகள் செய்த மரியாதை. ஆக, அவ்விருவரின் முகங்கள் உறையில் உண்டு, அதுவும் மறைக்கப்பட்டு. பெயரோ உள்ளே இல்லை.

வியாபாரத்தில் இசைத்தட்டு சுமாரான வெற்றியே பெற்றது. அமெரிக்காவில் 19 ஆம் இடம், பிரித்தானியாவில் 21 ஆம் இடம். 'வன்ஸ் இன் எ லைஃப்டைம்' பிரித்தானியாவில் 14 ஆம் இடம்வரை சென்றபோதும், அமெரிக்காவின் முதல் நூறு பாடல்களுக்குள் நுழையவே இல்லை. அந்நாட்டு வானொலி நிலையங்கள் அன்று நிறத்தின்படியே பிரிந்திருந்தன. வெள்ளையர் வானொலிக்கு இது மிகையான ஃபங்க். கறுப்பர் வானொலிக்கு இவர்கள் வெள்ளையர். மேடையில் இந்தப் பிரிவினை சற்று உடைந்தது. 1980 ஓகஸ்ட் 23 ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடைபெற்ற 'ஹீற்வேவ்' விழாவில், நால்வர் குழு விரிந்து, பேர்னி வொரெல், பேஸ் வாசித்த பஸ்டா ஜோன்ஸ், தாளவாத்தியக்காரர் ஸ்டீவ் ஸ்கேல்ஸ், பாடகி டொலெட் மக்டொனல்ட் ஆகிய கறுப்பினக் கலைஞர்களோடு மேடையேறியது. இந்த விரிந்த குழுவின் பரம்பரையில் வந்ததே, ஜொனதன் டெமி 1984 இல் வெளியிட்ட 'ஸ்டொப் மேக்கிங் சென்ஸ்' திரைப்படம்.

மனக்கசப்போடு விலகியிருந்த ஃபிரான்ஸும் வேமத்தும் 1981 இல் அதே கொம்பஸ் பொயின்ற் கலையகத்தில் 'டொம் டொம் கிளப்' என்ற பெயரில் தங்கள் சொந்த இசைத்தட்டைப் பதிவுசெய்தார்கள். அதிலுள்ள 'ஜீனியஸ் ஒஃப் லவ்' பாடலை இன்று உலகமே அறியும். 1995 இல் மரையா கேரி தம் வெற்றிப் பாடலொன்றை அதன் மேலேயே கட்டினார். அந்தப் பாடலில் ஜேம்ஸ் பிரவுண், ஜோர்ஜ் கிளின்ரன், பூட்சி, பொப் மார்லி, குர்டிஸ் புளோ என்று கறுப்பின இசைஞர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. பெயர் விடுபட்ட வலி தெரிந்தவர்கள் இயற்றிய பாடல் என்பதாலோ என்னவோ, அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அந்தப் பட்டியலையே கவனிக்கிறேன்.

குழு 1991 இல் உத்தியோகபூர்வமாகக் கலைந்தது. 'ரேடியோஹெட்' உட்படப் பின்வந்த பல குழுக்கள் இந்த இசைத்தட்டுக்குத் தங்கள் கடனைச் சொல்லியுள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் 2017 இல் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் அதனைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால், என் பார்வையில் முக்கியமான மதிப்பீடு வேறோர் இடத்திலிருந்து வந்தது. பெனின் நாட்டில் 1960 இல் பிறந்த ஆஞ்சலிக் கிஜோ என்ற பாடகி, தம் புகழைப் பாடுமாறு கலைஞர்களை நெருக்கிய ஆட்சியிலிருந்து தப்பி, 1983 இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கு ஒரு விருந்தில் 'வன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாடலைக் கேட்டதும், இது ஆபிரிக்க இசை என்றார். கூடியிருந்தோர், இல்லை, இது றொக் என்று அவரை மறுத்துவிட்டனர். பாடலின் பெயரோ பாடியவர் பெயரோ தெரியாமல் அவர் அந்த மெட்டைப் பல்லாண்டுகள் மனத்தில் சுமந்திருந்தார். 2018 இல் 'ரிமெயின் இன் லைட்' இசைத்தட்டின் எட்டுப் பாடல்களையும், முதலிலிருந்து கடைசிவரை, தம் குரலில் மீண்டும் பதிவுசெய்து வெளியிட்டார். பெனின் மொழிகளில் புதிய வரிகளைச் சேர்த்தார். மொஜிக்கின் கதையை, அந்தக் காற்று வீசும் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பாடக் கேட்பது வேறோர் அனுபவம்.

பேர்ண் அதை வரவேற்றார். கிஜோவின் அந்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர், லாகோஸில் ஃபெலாவின் அருகே அமர்ந்து வாசித்த அதே டோனி அலன். 1973 இன் 'அஃப்ரோடிசியாக்' தட்டில், ஈனோவின் இலண்டன் வீட்டில் அன்று ஒலித்ததும் அவருடைய கைகளே. 2020 ஏப்ரல் 30 ஆம் திகதி பாரிஸில் அவர் காலமானார். 2018 இன் இசைத்தட்டில் அவருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.